கார்ட்டூன் ஒலியிற் பிறந்த இசை

நிக் பேர்ட்கி என்பார் 'போகோ' என்னும் புனைபெயர் பூண்டு, 2007ஆம் ஆண்டிலே 'அலிஸ்' என்னும் சிறு இசைத்துண்டொன்றை இணையத்தில் வெளியிட்டார். தென்னாபிரிக்காவிற் பிறந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தவராக அறியப்பட்ட அவருக்கு அப்பொழுது இருபது வயதும் நிரம்பவில்லை. வால்ற் டிஸ்னி கலைக்கூடத்தார் 1951இல் வெளியிட்ட 'அற்புத உலகில் அலிஸ்' என்னும் கார்ட்டூன் படத்தின் ஒலியே அவ்விசைத்துண்டின் மூலப்பொருள். வயலின் வாசித்தார் இலர். பாடகரை அழைத்துப் பாடுவித்ததும் இல்லை. அலிஸ் என்னும் சிறுமி பேசிய சொற்களின் அசைகள், பாடலிடையே எழுந்த மூச்சு, பின்னணி வாத்தியங்களின் ஒரு கணநேர நாதம் ஆகிய இவற்றைத் துண்டு துண்டாக அறுத்து, சுருதியை ஏற்றியும் இறக்கியும், தாளத்தில் நிறுத்தி, முழவொலி சிறிது சேர்த்து அவர் அதனைக் கட்டினார். தொண்ணூறு விழுக்காடு அப்படத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்பது அவர் தாமே கூறிய கணக்கு. கேட்போர்க்குச் சொல் விளங்குவதில்லை. ஆயினும் அக்குரல் யாருடையது என்பது விளங்கிவிடுகின்றது.

இதனை விளையாட்டென ஒதுக்குவார் பலர். மாணவர் சிலர் கணினியின் முன் அமர்ந்து இத்தகைய வேலையிற் பொழுது போக்குவதைக் கண்டு முகஞ்சுளித்தவர்களுள் இக்கட்டுரையாளனும் ஒருவன். பின்னர் இவ்வொலிகள் எங்கிருந்து வந்தன, யாரால் எவ்வாறு ஆக்கப்பட்டன எனத் தேடிப் படிக்கத் தொடங்கியபொழுதுதான் விடயம் நினைத்த அளவு சிறியதன்று என்பது தெரிய வந்தது. இலத்திரனியல் இசை கார்ட்டூன் படத்தைத் தேடிச் சென்றது தற்செயலன்று. கார்ட்டூன் படத்தின் ஒலி பிறக்கும்போதே அறுத்து ஒட்டத்தக்கதாய், அளந்து வைக்கப்பட்டதாய்ப் பிறந்தது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் 1928ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு நவம்பர் 18ஆந் திகதி நியூ யோர்க் நகரின் கொலனி அரங்கில் 'ஸ்ரீம்போட் வில்லி' என்னும் குறும்படம் திரையிடப்பட்டது. மிக்கி என்னும் சுண்டெலியைப் பெரும் புகழுக்கு உரியதாக்கிய படம் அதுவே. அப்படத்தின் பிற்பகுதியில் ஓர் ஆடு மின்னி என்னும் பெண்ணெலியின் இசைத்தாள்களையும் வாத்தியத்தையும் தின்றுவிடுகின்றது. உடனே மின்னி ஆட்டின் வாலைப் பிடித்துக் கிராமபோன் கைப்பிடியைச் சுழற்றுவதுபோலச் சுழற்ற, ஆட்டின் வாயிலிருந்து பாட்டு வருகின்றது. மிக்கியோ பூனையின் வாலை இழுத்தும், பன்றிக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டும், பசுவின் பற்களைத் தட்டியும் அப்பாட்டுக்குத் துணை வாத்தியம் இசைக்கின்றது. கண்டவர்கள் சிரித்தனர். ஆயினும் உற்று நோக்குவார்க்கு அக்காட்சியில் வேறொன்றும் தோன்றும். இயற்கையாய் எழும் ஒலியொன்றை அதன் இடத்திலிருந்து பறித்து, சுரவரிசையில் அடுக்கி, விரல் பட்டவுடன் ஒலிக்கச் செய்தல் என்பதே பிற்காலத்துச் 'சாம்பிளர்' என்னும் கருவியின் தொழில். அக்கருவி தோன்றுதற்கு ஐம்பது ஆண்டுகளின் முன்னரே அதன் தொழிலை ஒரு சித்திர எலி நடித்துக் காட்டிவிட்டது.

அப்படத்துக்கு ஒலி சேர்த்தமை எளிய காரியமன்று. படமும் ஓசையும் ஒரு நொடியும் பிசகாமற் பொருந்தவேண்டும் என்பது டிஸ்னியின் பிடிவாதம். வில்பிரட் ஜாக்சன் என்னும் ஓவியர் தாளமானி ஒன்றை வைத்துக்கொண்டு, இத்தனை படத்துக்கு ஓர் அடி எனக் கணக்கிட்டுத் தந்தார். நியூ யோர்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு தோல்வியுற்றது. வாத்தியக்காரர் படத்தோடு இணைந்து செல்ல இயலவில்லை. பின்னர்த் திரையிலே தாளத்துக்கேற்பத் துள்ளும் பந்தொன்றைக் காட்டி, அதனைப் பார்த்து வாசிக்கச் செய்து இரண்டாம் முறையில் வெற்றி கண்டனர். அடுத்த ஆண்டில் 'எலும்புக்கூட்டு நடனம்' என்னும் படத்துக்கு இசையமைத்த கார்ல் ஸ்ரோலிங் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார். அவர் 1936 முதல் 1958 வரை வோணர் சகோதரர் கலைக்கூடத்தில் எண்ணற்ற கார்ட்டூன்களுக்கு இசையமைத்தவர்.

கணக்கை நோக்குக. ஒலிப்படம் வினாடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடுவது. பன்னிரண்டு சட்டகத்துக்கு ஒரு தாளவடி என வகுத்தால் நிமிடத்துக்கு 120 அடிகள், பத்துச் சட்டகம் எனின் 144, எட்டெனின் 180, பதினாறெனின் 90. கார்ட்டூன் இசையாளர் இவ்வெண்களையே தம் தாளக் குறிப்பாகக் கொண்டு எழுதினர். முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் படச்சுருளில் ஒரு வினாடி பதினெட்டு அங்குல நீளம். ஆகவே 120 அடி வேகத்தில் ஒரு தாளவடி ஒன்பது அங்குலப் படச்சுருள் ஆகின்றது. நம் மரபில் தாளம் கையாற் போடப்படுவது. அங்கே அது அளவுகோலால் அளக்கப்பட்டது. இன்று நடனக்கூடங்களில் ஒலிக்கும் இலத்திரனியல் இசையிற் பெரும்பகுதி நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிவரையான வேகத்தில் அமைவது. பழைய கார்ட்டூன் ஒன்றிலிருந்து அறுத்த துண்டு புதிய தாளத்தில் எளிதாகப் பொருந்தி விடுவதன் இரகசியம் இங்கேதான் உள்ளது.

மற்றொரு காரணமும் உண்டு. நடிகரைக் கொண்டு எடுக்கப்படும் படத்தில், விரும்பினாலும் விரும்பாவிடினும், தெருவின் இரைச்சலும் அறையின் எதிரொலியும் உட்புகுந்துவிடும். சித்திரத்துக்கோ இயற்கையொலி என்பதே இல்லை. மௌனமாயிருக்கும் தாளில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை வேண்டுமாயின் அதனை ஒருவர் இருந்து செய்யவேண்டும். டிஸ்னி கலைக்கூடத்தில் 1934 முதல் அப்பணியைச் செய்தவர் ஜிம்மி மக்டொனல்ட். காற்று, மழை, இடி, வண்டின் சிறகோசை ஆகியவற்றுக்கெல்லாம் தாமே பொறிகள் அமைத்து ஒலியெழுப்பியவர். பிற்காலத்தில் மிக்கியின் குரலும் அவருடையதாயிற்று. குரல்களும் அவ்வாறே. ஓவியர் வரையத் தொடங்குமுன்னரே குரல் கொடுப்போர் அமைதியான கூடத்தில் ஒலிவாங்கியின் அண்மையில் நின்று பேசினர். அப்பேச்சைக் கேட்டே வாயசைவு வரையப்பட்டது. முகபாவத்தாற் காட்டவேண்டியதையும் குரலாலேயே காட்டவேண்டியிருந்தமையால், அவர்களின் பேச்சு ஏற்றமும் இறக்கமும் மிகுந்து பாட்டுக்கு மிக அணித்தாய் நின்றது. அறுப்பவனுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பதரிது.

ஒலியைப் படச்சுருளிலே பதிந்தவுடன் அது கண்ணாற் காணத்தக்கதாயிற்று. சுருளின் ஓரத்தில் மலைத்தொடர் போன்ற கோடாகவோ, கருமையும் வெண்மையும் மாறிமாறி வரும் வரிகளாகவோ ஒலி தெரியும். கண்ணுக்குத் தெரிவதை ஏன் கையால் வரையக்கூடாது என வினவியவர்கள் ஓவியர்களே. உருசியாவில் ஆர்செனி அவ்ராமொவ், எவ்கெனி ஷோல்போ ஆகியோர் 1930ஆம் ஆண்டையொட்டி இம்முயற்சியில் இறங்கினர். ஜேர்மனியில் 1932இல் மியூனிச் நகரத்து றுடோல்ப் பெனிங்கர் அலைவடிவங்களை மையால் வரைந்து, படமெடுத்து, யாரும் வாசியாத இசையை ஒலிக்கச் செய்தார். அதே ஆண்டில் பேர்லினில் ஒஸ்கார் பிஷிங்கர் கோலம் போன்ற அலங்கார உருவங்களை ஒலித்தடத்தில் இட்டு அவை எவ்வாறு ஒலிக்கும் எனச் சோதித்தார். கனடாவின் தேசியத் திரைப்படச் சபையில் 1941இற் சேர்ந்த நோர்மன் மக்லாரன் இக்கலையை முதிர்ச்சி பெறச் செய்தவர். அவருடைய 'அயலார்' (1952) என்னும் படத்தின் ஒலி இவ்வாறே ஆக்கப்பட்டது. அப்படம் ஒஸ்கார் பரிசும் பெற்றது. 1971இல் அவர் ஆக்கிய 'சிங்க்ரொமி' என்னும் படத்திலோ திரையிற் காணும் வண்ணக் கோடுகளே நாம் கேட்கும் ஒலியாகும்.

வெட்டி ஒட்டும் முறையும் அக்காலத்ததே. வோல்ற்றர் றுற்மன் என்னும் ஜேர்மானியத் திரைப்பட ஆசிரியர் 1930இல் 'வார இறுதி' எனப் படமில்லாத படமொன்றை ஆக்கினார். தொழிற்சாலை ஓசை, தட்டச்சுப் பொறி, குழந்தைகளின் பாட்டு, தேவாலய மணி முதலியவற்றைப் படச்சுருளிற் பதிந்து கத்தரித்து ஒட்டிய பதினொரு நிமிட ஆக்கம் அது. பேர்லின் வானொலி அதனை ஒலிபரப்பியது. ஒலிநாடா பரவுதற்கு முன்னரே, படச்சுருளே முதல் ஒலிநாடாவாய் உதவியது என்பதை இசை வரலாறு எழுதுவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

அவர்கள் மறவாது குறிப்பிடுவது 1948ஆம் ஆண்டு. பிரெஞ்சு வானொலியில் பொறியியலாளராய் இருந்த பியர் ஷெவ்வர், பாரிசின் புகையிரத நிலையமொன்றிற் பதிந்த ஒலிகளைக் கொண்டு 'புகையிரதப் பயிற்சி' என்னும் ஆக்கத்தைச் செய்து அவ்வாண்டு ஒக்ரோபர் 5ஆந் திகதி ஒலிபரப்பினார். அவரிடம் முதலில் ஒலிநாடா இல்லை, இசைத்தட்டுகளே இருந்தன. தட்டின் சுருள்வரியை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதனைவிட்டு வெளியேறாது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் அவ்வட்டம் முக்கால் வினாடிக்குச் சற்று மேற்பட்டது. இன்று கணினியில் ஒலித்துண்டைச் சுழலவிடும் ஒவ்வோர் இளைஞனும், அறிந்தோ அறியாமலோ, அம்மூடிய வட்டத்துக்குள்ளேதான் நிற்கின்றான்.

ஆயினும் ஷெவ்வரின் கொள்கையும் கார்ட்டூன் ஒலியை அறுப்பாரின் நோக்கமும் நேர்மாறானவை. ஒலி எங்கிருந்து வந்தது என்பதை மறந்து ஒலியை ஒலியாகவே கேட்கவேண்டும் என்பது ஷெவ்வர் வகுத்த நெறி. புகையிரதம் என நினைத்தால் இசை கெட்டது என்பார் அவர். பேர்ட்கியின் 'அலிஸ்' அவ்வாறன்று. அக்குரல் அலிசினது என்பதை மறந்துவிட்டால் அவ்விசையின் உயிர் பாதி போய்விடும். சிறுவயதில் அப்படத்தைப் பார்த்தவனின் நினைவும் அவ்விசைக்கு ஒரு வாத்தியம். இவ்விரண்டில் ஷெவ்வரின் நெறியே உயர்ந்தது என்று பல காலம் கற்பிக்கப்பட்டது. அவ்வாறு கொள்ளவேண்டிய நியாயம் எனக்குப் புலப்படவில்லை. பழம் பாடலொன்றின் ஓரடியை எடுத்து நிரவல் செய்யும் பாடகர், கேட்போர் அவ்வடியை முன்னரே அறிந்திருப்பதை நம்பியன்றோ செய்கின்றார்?

கருவிகளின் வரலாற்றை விரைந்து கூறிச் செல்லலாம். சிட்னி நகரில் பீற்றர் வோகல், கிம் றைரி என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட 'பெயர்லைற்' என்னும் கணினிக் கருவி, எந்த ஒலியையும் எண்களாக மாற்றிச் சுரப்பலகையில் ஏற்றித் தந்தது. வீடு வாங்கும் விலை அதற்கு. எட்டு ஆண்டுகளுள் 'எஸ்.பி. 1200' போன்ற சிறு கருவிகள் வந்தன. 1987இல் வந்த அக்கருவி மொத்தம் ஏறத்தாழப் பத்து வினாடி ஒலியையே கொள்ளும். அப்பத்து வினாடியை நீட்டுதற்கு, 33 சுற்று இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பின் கருவியினுள்ளே வேகத்தைக் குறைத்துக்கொள்வது இளைஞர்கள் கண்ட உபாயம். வறுமை கற்பித்த சிக்கனம் அவ்விசைக்குத் தனியொரு கரகரப்பையும் அளித்தது. பின்னாளில் அக்கரகரப்பையே தேடி விலை கொடுத்து வாங்கினர்.

கார்ட்டூன் ஒலியும் நடன இசையும் மக்கள் முன்னிலையிற் கைகோத்தது இங்கிலாந்தில், 1991ஆம் ஆண்டில். அதன் பின்னணி சுவையானது. பிரித்தானிய அரசின் மத்திய தகவல் அலுவலகம் 1973இல் சிறுவர்க்கு அறிவுரை கூறும் சித்திரக் குறும்படங்கள் சிலவற்றை வெளியிட்டது. தீப்பெட்டியைத் தொடாதே, அந்நியரோடு செல்லாதே, எங்கேனும் போகுமுன் தாயிடம் சொல்லிச் செல் என்பன அவற்றின் பொருள். சார்லி என்னும் பூனை தெளிவற்ற குரலில் ஏதோ கத்தும். அதன் தோழனான சிறுவன் அக்கத்தலின் பொருளை மொழிபெயர்த்துக் கூறுவான். பூனைக்குக் குரல் கொடுத்தவர் கெனி எவரெற் என்னும் புகழ்பெற்ற வானொலியாளர். அக்காலத்துப் பிள்ளைகள் யாவரும் அதனைத் தொலைக்காட்சியில் நூறு முறை கேட்டிருந்தனர்.

அப்பிள்ளைகள் வளர்ந்து இளைஞராயினர். எசெக்ஸ் மாகாணத்து பிறெயின்றி என்னும் ஊரைச் சேர்ந்த லியம் ஹௌலெற், 'த புறொடிஜி' என்னும் தம் குழுவின் பெயரில், அப்பூனையின் கத்தலையும் சிறுவனின் வாக்கையும் அறுத்தெடுத்து வேகமான தாளத்தில் வைத்து 'சார்லி' என்னும் இசைத்தட்டை 1991 ஓகஸ்ரில் வெளியிட்டார். அது இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் மூன்றாமிடம் பெற்றது. வீட்டாரிடம் சொல்லாமல் இரவிரவாக வயல்வெளிகளிலும் கிடங்குகளிலும் கூடி ஆடிய இளைஞர் கூட்டம், எங்கு போவதாயினும் தாயிடம் சொல்லிப் போ என்ற அரசின் அறிவுரைக்கே ஆடிற்று. இதிலுள்ள நகைச்சுவை திட்டமிடப்பட்டதா, தானாக அமைந்ததா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். அறுத்து எடுக்கப்பட்ட ஒலி, புதிய இடத்தில் வைக்கப்பட்டவுடன் பழைய பொருளுக்கு எதிர்ப்பொருளைத் தரவும் வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடையாது.

வெற்றி பெற்றதைப் பின்பற்றுவோர்க்கு எந்நாட்டிலும் குறைவில்லை. 'றூபாப்' என்னும் 1974ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிக் கார்ட்டூன், 'ற்றம்ற்றன்' என்னும் 1967ஆம் ஆண்டுப் பொம்மையசைவுத் தொடர் ஆகியவற்றின் ஒலிகளைக் கொண்ட இசைத்தட்டுகள் 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விற்பனை வரிசையில் ஏறின. இவற்றுட் பல, சிறுவர் நிகழ்ச்சியின் தலைப்பிசையை எடுத்து அதன்கீழ் முழவை ஓடவிட்டதோடு நின்றவை. 'மிக்ஸ்மாக்' என்னும் இசைச் சஞ்சிகை 1992இல் 'சார்லி'யைச் சுட்டி, இவ்விசை இயக்கத்தைக் கொன்றது இதுதானா என அட்டையிலேயே வினவியது. கடுமையான வினாவாயினும், பின்வந்த போலிகளை நோக்க, அதிற் சிறிது உண்மை இல்லாமற் போகவில்லை. ஹௌலெற்றும் விரைவில் அவ்வழியை விட்டு வேறு வழி சென்றார்.

அறிந்த பாட்டைச் சிறிது மாற்றிக் கொடுத்தல் ஒன்று; அறியாத பாட்டை அறிந்த குரலிலிருந்து படைத்தல் மற்றொன்று. 'போகோ'வின் ஆக்கங்கள் கவனத்துக்குரியவை ஆவது இவ்விரண்டாம் வகையினால். அலிசின் குரல் கதரின் பூமன்ற் என்னும் ஆங்கிலேயச் சிறுமியுடையது. 1938இல் இலண்டனிற் பிறந்த அவர், 1953இல் வெளிவந்த 'பீற்றர் பான்' படத்தில் வென்டிக்கும் குரல் கொடுத்தவர். அவர் பேசிய வாக்கியமொன்றைப் பேர்ட்கி அப்படியே எடுப்பதில்லை. ஒரு சொல்லின் முதலசை, பத்து நிமிடத்துக்கு அப்பாலுள்ள மற்றொரு சொல்லின் ஈற்றசை, இடையே ஒரு பெருமூச்சு என்று கோத்து, எம்மொழியிலும் இல்லாத சொற்களாலான ஒரு பாட்டை உண்டாக்குகின்றார். நமக்கு இது புதிதன்று. பொருளற்ற அசைகளால் இசை வளர்க்கும் ஆளத்தி தமிழிசையின் தொன்மையான உறுப்பு. மிருதங்கத்தின் சொற்கட்டும் நட்டுவனாரின் சதியும் பொருள் கூறுவதில்லை. சொல் பொருளை உதறியவிடத்து ஓசை மேலெழுகின்றது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அவ்வேலையின் இடர்ப்பாடுகளை அறியாதார், கணினி தானே செய்துவிடும் என எண்ணுவர். 1951ஆம் ஆண்டுப் படத்தில் குரலும் வாத்தியமும் பிற ஓசையும் ஒரே தடத்திற் கலந்து பதியப்பட்டவை. குரலை ஏற்றினால் அதன்பின் நிற்கும் வயலினும் உடனேறும். ஆகவே வாத்தியம் ஓய்ந்த இடுக்குகளைத் தேடி, ஒரு வினாடியின் ஐந்திலொரு பங்கு, பத்திலொரு பங்கு எனப் பொறுக்கவேண்டும். அன்றேல் பின்னிற்கும் வாத்தியத்தையும் இசைவாய்க் கொண்டு, அதன் சுருதிக்குத் தன் பாட்டை அமைக்கவேண்டும். பழைய முறையில் வேகத்தை மாற்றியே சுருதியை மாற்றினர். ஒரு சுரத்தானம் ஏற்றுதற்கு வேகத்தை ஏறத்தாழ ஆறு விழுக்காடு கூட்டவேண்டும். பன்னிரண்டும் ஏறினால் வேகம் இரட்டிக்கும், சிறுமியின் குரல் எலியின் குரலாகும். காலத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றும் வித்தை கணினியால் வந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தியொன்றைக் கூறாமற் செல்ல மனமில்லை. இலங்கையில் 1982இல் தொடங்கிய ரூபவாகினியும், அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியும், ஐரோப்பாவின் பெரும்பகுதியும் கையாண்ட 'பால்' முறையில் படம் வினாடிக்கு 25 சட்டகங்கள். 24 சட்டகத் திரைப்படத்தை அதற்கு மாற்றும்போது பொதுவாகச் சிறிது விரைவாக ஓட்டி விடுவர். அதனால் ஒலி நான்கு விழுக்காடு விரைந்து, ஒரு சுரத்தானத்தின் முக்காற் பங்களவு ஏறிவிடும். 83 நிமிடப் படமாகிய 'வெண்பனி'க் கதை 80 நிமிடத்துக்குச் சற்று முன்னரே முடிந்துவிடும். இம்முறையில் மாற்றிய படத்தை வீட்டிற் பார்த்து வளர்ந்தவர் கேட்ட பாட்டு, அமெரிக்கச் சிறுவன் கேட்ட பாட்டினும் உயர்ந்த சுருதியுடையது. அத்தகைய தட்டிலிருந்து ஒலியை அறுப்பவன், அது எந்தச் சுரத்தானத்திலும் நில்லாமல் இரண்டிற்கும் இடையே தொங்குவதைக் கண்டு திகைப்பான்.

'வெண்பனி' பற்றி மேலும் சொல்லவேண்டும். 1937 டிசம்பர் 21ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதன்முறை காட்டப்பட்ட அப்படத்தில், அரசகுமாரி கிணற்றினுட் குனிந்து பாட, கிணறு அவள் குரலை எதிரொலிக்கும் காட்சி யாவரும் அறிந்தது. பேர்ட்கி அப்படத்தை அறுத்து 'விஷறி' என்னும் ஆக்கத்தைச் செய்தார். எதிரொலிக்கு எதிரொலி அது. அரசகுமாரியின் குரல் அட்ரியானா கசலோற்றி என்னும் இளம் பாடகியுடையது. படத்தின் தொடக்கத்தில் ஓவியர், இசையாளர் பெயர்களெல்லாம் வரிசையாக வருகின்றன. குரல் கொடுத்தார் எவருடைய பெயரும் இல்லை. 1997இல் அவர் காலமானார். எழுபது ஆண்டுகளின் பின் எங்கோ ஓரிளைஞன் தன் குரலைப் பொடிப்பொடியாக்கிப் புதுப்பாட்டுக் கட்டுவான் என்பதை அவர் எவ்வாறு அறிந்திருப்பார்? அறுப்பவனுக்கு உரிமை உண்டா என்று கேட்போர், அறுக்கப்படும் குரலுக்கு உரியவர் யார் என்பதையும் கேட்டாதல் வேண்டும்.

சட்டம் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசியதில்லை. கனடாவின் ஜோன் ஒஸ்வால்ட், பிறர் இசையைப் பறித்து இசை செய்தலைக் கொள்கையாகவே 1985இல் எழுதி, 1989இல் அவ்வாறான இசைத்தட்டொன்றை விலையின்றி வழங்கினார். இசைத்தட்டுத் தொழிலார் முறையிட்டதன் பயனாக எஞ்சிய படிகள் அழிக்கப்பட்டன. நியூ யோர்க் நீதிமன்றம் 1991இல் வழங்கிய ஒரு தீர்ப்பு, களவு செய்யாதிருப்பாயாக என்னும் விவிலியக் கட்டளையோடே தொடங்கிற்று. அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றங்களுள் ஒன்று, எவ்வளவு சிறிய துண்டாயினும் அனுமதி பெறாமல் எடுத்தலாகாது என 2005இல் உறுதி செய்தது. மற்றொன்று 2016இல் அதனை ஏற்க மறுத்து, அறியவொண்ணாத சிறு துண்டு குற்றமாகாது என்றது. கார்ட்டூன் ஒலி இவ்வழக்குகளில் நேரே வரவில்லை. எனினும் அவற்றின் நிழல் அதன்மேலும் விழுகின்றது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் வகுத்துள்ளது. நான்கு அறைச் சுவருள் விளையாட்டாக இவ்வேலையைத் தொடங்கும் மாணவர், வெளியிடுமுன் அதனை ஒருமுறை படித்தல் நன்று.

கலைக்கூடத்தாரும் எப்போதும் உரிமையாளர் பக்கத்திலேயே வெற்றி கண்டாரல்லர். 1955இல் வெளிவந்த நாய்க்கதைப் படத்துக்குப் பாட்டும் குரலும் வழங்கிய பெக்கி லீ என்னும் பாடகி, அப்படம் வீட்டு ஒளிநாடாவாக விற்கப்பட்டபொழுது தமக்குரிய பங்கு தரப்படவில்லை என 1988இல் டிஸ்னி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். மூன்று ஆண்டுகளின் பின் அவருக்கு ஏறத்தாழ 23 இலட்சம் டொலர் தீர்ப்பாயிற்று. ஒப்பந்தம் எழுதியபொழுது ஒளிநாடா என்னும் பொருளே உலகில் விற்பனைக்கு இல்லை. குரலை விற்றவர், இனி வரப்போகும் கருவிகளுக்கும் சேர்த்து விற்றாரா என்பதே அவ்வழக்கின் உயிர்நாடி. அக்கேள்வி சாம்பிளருக்கும் பொருந்தும்.

மற்றொரு முரண்பாடும் கவனிக்கத்தக்கது. அலிசின் கதையை லூவிஸ் கரோல் 1865இல் எழுதினார். வெண்பனியின் கதையைக் கிரிம் சகோதரர் 1812இல் அச்சிட்டனர். அவ்விரண்டும் பொதுச்சொத்தாய் இருந்தமையாலேயே டிஸ்னி அவற்றை எடுத்து, அறுத்து, ஒட்டி, தம் படமாக்கினார். எடுத்தவரிடமிருந்து எடுப்பதைக் குற்றமென்பது எவ்வளவு பொருந்தும்? ஆனால் இதனைக் கூறி எல்லாம் எல்லார்க்கும் உரியதென முடிப்பதும் எளிதன்று. கரோலின் கதையை எடுத்தபொழுது பூமன்ற் என்னும் சிறுமியின் தொண்டையை யாரும் எடுக்கவில்லை. கதையை எடுத்தலும் குரலை எடுத்தலும் ஒன்றல்ல என்பதே எம் எண்ணம். நடைமுறையிலோ இரு தரப்பாரும் சமாதானமே தேடினர். 'அப்' என்னும் 2009ஆம் ஆண்டுப் படத்திலிருந்து பேர்ட்கி ஆக்கிய 'அப்பியுலர்' பலராலும் விரும்பிக் கேட்கப்பட்டபின், 'ரோய் ஸ்ரோறி' படத்தைக் கொண்டும் அத்தகைய ஒன்றைச் செய்து தருமாறு படநிறுவனத்தாரே அவரிடம் கேட்டனர்.

2019ஆம் ஆண்டளவில் இத்தொழிலின் தன்மை மீண்டும் மாறிற்று. கலந்து பதியப்பட்ட ஒலியிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே பிரிக்கும் கணினி நிரல்கள் அவ்வாண்டில் யாவர்க்கும் விலையின்றிக் கிடைத்தன. இடுக்குகளைத் தேடிப் பொறுக்கும் பொறுமை இனித் தேவையில்லை என மகிழ்ந்தோர் பலர். கரகரப்பும், குரலின் பின்னே தவறுதலாய் ஒட்டிக்கொண்டு வந்த வயலின் நுனியும் போய்விட்டதே என வருந்துவோரும் சிலர் உளர். அவர்களோடு சேர்ந்து வருந்தவே எனக்குத் தோன்றுகின்றது.

அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய பழம் படங்களின் உரிமைக் காலம் 95 ஆண்டுகள். 'வெண்பனி' 2033ஆம் ஆண்டின் முதல் நாளிலும், 'அலிஸ்' 2047ஆம் ஆண்டின் முதல் நாளிலும் அங்கே பொதுச்சொத்தாகும். 'ஸ்ரீம்போட் வில்லி' 2024 ஜனவரி 1ஆந் திகதியே அந்நிலையை எய்திவிட்டது. ஆட்டின் வாலைச் சுழற்றிப் பாட்டெழுப்பும் அந்தக் காட்சியையும், பசுவின் பற்களில் மிக்கி தட்டிய அந்தச் சுரங்களையும், அந்நாள் முதல் அந்நாட்டில் எவரும் எவரிடமும் கேளாமல் அறுத்துக்கொள்ளலாம்.